பத்தாவது கொத்து

நாவல்குட்டைக் கரையில் மிச்சமிருந்த ஒரே ஒரு கரையான் புற்றுக்காக ஒரு கரடியும் ஒரு அழுங்கும் குத்துச்சண்டை போட வேண்டி வந்தது. கரடியின் பெயர் சடையாண்டி. அழுங்கின் பெயர் சில்லாயி.

அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பெல்லாம் ஓட்டுச்சில்லு மாதிரி செதில். நீள மூக்கு, அதைவிட நீள நாக்கு. எறும்பும் கரையானும்தான் சாப்பாடு. பயந்துவிட்டால் அப்படியே சுருண்டு உருண்டையாகிவிடும். அப்புறம் புலி வந்தாலும் பல் இறங்காது.

அதற்காக அந்தக் காடு அவளை மெச்சியதா? எங்கே! "உருண்டை வருது, உருண்டை போகுது!" என்று கேலிதான் பேசியது. ஒருநாள் சுருண்டு கிடந்தவளைக் குரங்குகள் சரிவில் உருட்டிவிட்டு, எது வரைக்கும் போகிறது என்று பந்தயம் கட்டின. சில்லாயி எதையும் மறக்கவில்லை. அவளுக்குக் கோபம் வரும், வந்தால் போகாது. ஆனால் அதை வெளியே காட்ட அவளுக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. கைக்குட்டி ஒன்று இருந்தது. புற்றின் அடியிலேயே வளை தோண்டி அதை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சாப்பிடுகிற முறையே தனி. புற்றில் ஒரு பக்கமாகச் சின்னத் துளை போடுவாள். நாக்கை விட்டு வேண்டியதை மட்டும் எடுப்பாள். பிறகு குட்டையிலிருந்து ஈரமண் கொண்டுவந்து துளையை அடைப்பாள். இரண்டு நாளில் கரையான்கள் மிச்சத்தைப் பூசிக்கொள்ளும். அப்படியே ஆறு வருஷமாக அந்தப் புற்று சாகாமல் நின்றது.

அந்த வருஷம் கோடை கடுமை. மலைமேலிருந்து சடையாண்டி இறங்கி வந்தான். அங்கே இருந்த மூன்று புற்றுகளையும் அடியோடு பெயர்த்து, உறிஞ்சி, மண்மேடாக்கிவிட்டுத்தான் வந்திருந்தான்.

"ஏய் உருண்டை! இந்தப் புத்து இனிமே எனக்கு. நாளைக்குள்ள எடத்தைக் காலி பண்ணு!" என்றான்.

"எதுக்குக் காலி பண்ணணும்? மூணு புத்தை நாசம் பண்ணிட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?" என்றாள் சில்லாயி.

"ஓகோ! பேசக்கூடத் தெரியுமா உனக்கு? அப்ப மோதிப் பாத்துடலாம். கையை மடக்கிக்கிட்டு வா!"

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டால் குத்துச்சண்டையில்தான் தீர்ப்பு. கடிக்கக் கூடாது, நகத்தால் கீறக் கூடாது, முதுகில் அடிக்கக் கூடாது. ஒருவர் விழுந்தால், பட்டுப்போன வேங்கை மரத்தில் உட்கார்ந்திருக்கும் மரங்கொத்தி பத்துக் கொத்து கொத்தும். பத்தாவது கொத்துக்குள் எழுந்து நின்றால் சண்டை தொடரும், இல்லையென்றால் தோல்வி. தோற்றவர் காட்டை விட்டே போய்விட வேண்டும். சுருண்டு கிடப்பதும் விழுந்த கணக்குதான். அதனாலேயே எந்த அழுங்கும் அதுவரை ஜெயித்ததில்லை.

போக வேண்டுமென்றால் எங்கே போவது? காட்டைச் சுற்றி ஒரு நாள் நடைக்கு வெறும் கட்டாந்தரை. கைக்குட்டியோடு அதைக் கடக்க முடியாது என்று சில்லாயிக்குத் தெரியும். சடையாண்டிக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டான், பாவி!

அதோடு நிறுத்தினானா? மரங்கொத்தி கொண்டையனிடம் போய், "நான் ஜெயிச்சா மலைமேல கிடக்கிற பட்ட மரம் எல்லாத்தையும் பட்டை உரிச்சுத் தர்றேன். உள்ள புழு நெளியுது. நீ கொஞ்சம் பாத்துக் கொத்து!" என்றான். கொண்டையனுக்கு எச்சில் ஊறிவிட்டது.

சண்டைக்கு நேரம் குறித்ததும் கொண்டையன்தான். உச்சிவெயில்! அழுங்கு பகலில் தூங்கும் சாதி. வெயிலில் அதற்குக் கண் கூசும். அது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காடே குட்டைக் கரையில் கூடியது. அணில், குரங்கு, மைனா, நரி என்று எல்லாம் வந்துவிட்டன. சில்லாயி பக்கம் நின்றது ஒரே ஒரு ஆமை. பெயர் ஓடையப்பன். பக்கத்து வளைக்காரன். நல்ல மனசு. ஆனால் அவனுக்குத் தெரிந்த ஒரே உபாயம் ஓட்டுக்குள் போவது.

"தங்கச்சி, நான் சொல்றதக் கேளு," என்றான் ஓடையப்பன். "அடி விழுந்துச்சா, உள்ள போயிடு! அடிக்கிறவன் கை வலிச்சு ஓஞ்சிடுவான். நான் இத்தன வருஷம் அப்படித்தான் பொழச்சேன்."

"உள்ள போனா பத்துக் கொத்து கொத்திடுவானே, அண்ணே!"

"ஆமால்ல?" என்று யோசித்த ஓடையப்பன், "ஒம்பதுல வெளிய வந்துடு!" என்றான்.

சண்டை ஆரம்பித்தது. சில்லாயி பின்காலில் நிமிர்ந்து நின்றாள். வாலைப் பின்னால் ஊன்றிக்கொண்டாள். அழுங்குகள் நடக்கும்போதே முன்னங்கால் நகத்தை உள்ளே மடக்கி, முட்டியை ஊன்றித்தான் நடக்கும். அதனால் அவள் கை பிறவியிலேயே மடங்கிய கை, இறுகிய முட்டி. சடையாண்டியின் நகமோ மடங்காத நகம். அவன் உள்ளங்கையை விரித்து அறையத்தான் முடியும். ஆனால் அந்த அறை ஒன்றே போதும்.

வந்த வேகத்தில் ஓர் அறை விட்டான். சில்லாயியின் செதிலெல்லாம் சலசலவென்று அதிர்ந்தது. கண்ணுக்குள் வெயில் சுழன்றது. அவளை அறியாமலே உடம்பு சுருண்டது.

"உருண்டை! உருண்டை!" என்று குரங்குகள் கத்தின.

டொக் டொக் டொக்! டொக் டொக் டொக்! கொண்டையன் மூச்சுவிடாமல் கொத்தினான். ஒன்பதாவது கொத்தில் சில்லாயி தட்டுத்தடுமாறி எழுந்துவிட்டாள்.

"யோவ் கொண்டையா! ஒரு மூச்சுக்கு ஒரு கொத்துதானே வழக்கம்? என்னய்யா இது, உலை கொதிக்கிற மாதிரி கொத்துற?" என்று சீறினாள்.

கொண்டையன் கொண்டையைச் சிலுப்பினான். "இங்க நான் வச்சதுதான் கணக்கு! என் அலகு மரத்துல பட்டா அது ஒரு கொத்து. கொத்தினது கொத்தினதுதான். திருப்பி வாங்குற பேச்சே கிடையாது. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டோம்! கேட்டோம்!" என்றது கூட்டம்.

சில்லாயி கூட்டத்தைப் பார்த்தாள். அணில்களைப் பார்த்தபோது வயிறு பற்றி எரிந்தது. போன மாரியில் சிவப்பெறும்பு படையெடுத்து அணில் கூடுகளில் ஏறியபோது, ராவெல்லாம் மரத்தடியில் நின்று ஒன்றுவிடாமல் நக்கித் தீர்த்தவள் அவள்தான். மைனாவின் குஞ்சுகளும் அவளால் பிழைத்தவைதான். இப்போது எல்லாம் சடையாண்டிக்குக் கைதட்டுகின்றன!

"சூடு சுரணை இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினாள். "அவன் ஜெயிச்சா இந்தப் புத்து ஒரே நாள்ல மண்ணாயிடும். அப்புறம் எறும்பு வந்தா யாரைக் கூப்பிடுவீங்க? அவனையா?"

அணில்கள் தலையைத் தொங்கப்போட்டன. ஆனால் ஒன்றாவது இந்தப் பக்கம் வந்ததா? வரவில்லை. ஜெயிக்கிறவன் பக்கம் நின்றால் நமக்கென்ன நஷ்டம் என்று நின்றன.

கோபத்தோடு சில்லாயி பாய்ந்தாள். கண்மண் தெரியாமல் குத்தினாள். ஒரு குத்து சடையாண்டியின் தொப்பையில் விழுந்தது. இரண்டு குத்து காற்றில் போனது. அவன் சிரித்தான்.

"கொசு கடிச்ச மாதிரி இருக்கு! இன்னும் ரெண்டு குத்து, சொறிஞ்சுவிட்ட மாதிரி இருக்கும்!"

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் மாறி மாறி அறைந்தான். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. சில்லாயியின் தோளில் ஒரு செதில் பெயர்ந்து தூரப் போய் விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவள் மறுபடி சுருண்டாள். மறுபடி கொத்து, மறுபடி ஒன்பதில் எழுந்தாள். எழுந்தாளே ஒழிய கால் நிற்கவில்லை. அடுத்த அறை அவளைத் தூக்கிப் போட்டது. இந்த முறை இறுக்கமாக, மூச்சுவிட இடமில்லாமல் சுருண்டுகொண்டாள்.

"முடிஞ்சுது!" என்றான் சடையாண்டி. "இது இனிமே திறக்காது. வழக்கம்போலக் கிடக்கும். யாராவது உருட்டிக் கொண்டுபோய்க் காட்டுக்கு வெளிய விடுங்கப்பா!"

டொக்! டொக்! கொண்டையனுக்கும் அவசரம் குறைந்துவிட்டது. ஜெயித்தாயிற்று, இனி என்ன என்று ஆற அமரக் கொத்தினான்.

சடையாண்டி அங்கே நின்றிருக்க வேண்டும். பத்தாவது கொத்து வரைக்கும் எதிராளியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஆனால் அவன் மூக்கில் புற்று மணந்தது. கரடிக்குக் கரையான் மணம் வந்துவிட்டால் வேறு எதுவும் காதில் ஏறாது. அவன் நேராகப் புற்றுக்குப் போனான். ஒரே அறையில் அதன் தலையை உடைத்தான். மூக்குத்துவாரத்தை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, 'ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்ச ஆரம்பித்தான்.

உருண்டைக்குள் இருட்டு. சில்லாயிக்கு எல்லாம் தரை வழியாகக் கேட்டது. மூன்றாவது கொத்து. நான்காவது கொத்து. 'இப்படியே கிடந்தால் என்ன?' என்று ஒரு நினைப்பு வந்தது. 'வலிக்காது. யாரும் தொட முடியாது. அண்ணன் சொன்னது சரிதான்.'

அப்போது மண் சரியும் சத்தம் கேட்டது. அதற்குக் கீழே, மெல்லியதாக, ஒரு முனகல். வளைக்குள் இருந்த குட்டியின் முனகல்.

சில்லாயிக்குச் சுரீரென்றது. அழுங்கு எதற்காகச் சுருளுகிறது? நடுவில் குட்டியை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சுவராக நிற்பதற்காக! அவள் அம்மா அப்படித்தான் சுருண்டாள். இப்போது நடுவில் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. குட்டி வெளியே கிடக்கிறது. அதன் தலைக்குமேல் ஒரு கரடி வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறது. இவள் வெறும் வயிற்றைக் கட்டிக்கொண்டு பத்திரமாகப் படுத்திருக்கிறாள்!

"சீ!" என்றாள் தன்னைப் பார்த்தே. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்திலேயே பெரிய கோபம் அதுதான்.

ஏழாவது கொத்து. எட்டாவது கொத்து. செதில்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஒன்பதாவது கொத்தில் சில்லாயி எழுந்து நின்றாள்.

"தங்கச்சி! எந்திரிச்சிட்டா! எந்திரிச்சிட்டா!" என்று ஓடையப்பன் அலறினான். சடையாண்டிக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. உறிஞ்சுகிற சத்தத்தில் அவன் காதே அடைத்திருந்தது.

சில்லாயி அவன் பின்னால் போய் நின்றாள். முதுகு அகலமாக இருந்தது. ஒரு குத்து விட்டிருக்கலாம். விடவில்லை. முதுகில் அடிப்பது வழக்கமில்லை. அவன் மீறினான் என்பதற்காக அவளும் மீற வேண்டுமா என்ன? வாலால் தரையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"டேய் சடையாண்டி! சண்டை இங்க இருக்குடா! திரும்புடா இந்தப் பக்கம்!"

சடையாண்டி திரும்பினான். வாய் நிறைய மண்ணும் கரையானும். மூக்குத்துவாரம் மூடியபடியே இருந்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. உதட்டில் பத்துப் பதினைந்து கரையான்கள் பல்லை இறக்கித் தொங்கிக்கொண்டிருந்தன.

"ம்ம்ம்?" என்றான்.

சில்லாயி இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு பாயவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இப்போது அது அவள் முட்டியில் வந்து இறங்கியிருந்தது. வாலை ஊன்றினாள். எங்கே குத்த வேண்டும் என்று பார்த்தாள்.

"இது நீ உடைச்ச புத்துக்கு!" நடு மூக்கில் ஒரு குத்து.

"இது என் குட்டிக்கு!" தாடைக்குக் கீழே ஒரு குத்து.

சடையாண்டிக்குத் தும்மல் வந்தது. வாயில் மண் இருந்ததால் தும்ம முடியவில்லை. திணறினான், தள்ளாடினான். பட்டறையில் சம்மட்டி விழுகிற மாதிரி மூன்றாவது குத்து கன்னத்தில் விழுந்தது. மரம் சாய்வதுபோல உடைந்த புற்றின் பக்கத்திலேயே சாய்ந்தான்.

கூட்டம் கொண்டையனைப் பார்த்தது. கொண்டையன் வானத்தைப் பார்த்தான்.

"கொத்துய்யா!" என்று சில்லாயி கத்தினாள்.

"கொத்துறேன், கொத்துறேன். எதுக்கு இந்த அவசரம்?" டொக்! அலகைத் துடைத்துக்கொண்டான். இறகைக் கோதிக்கொண்டான். டொக்! கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

சடையாண்டி மயங்கவில்லை. எழுந்திருக்க முடியும். ஆனால் 'நம்ம ஆளுதானே கொத்துறான், சாவகாசமா எந்திரிக்கலாம்' என்று நினைத்தான். உடைந்த புற்றுக்கட்டி ஒன்று அவன் வாய்க்கு நேரே கிடந்தது. அதில் கரையான்கள் மொய்த்தன. படுத்தபடியே நாக்கை நீட்டினான்!

"அட அநியாயமே!" என்றது ஓர் அணில். "படுத்துக்கிட்டே திங்கிறான்யா!"

மூன்று. நான்கு. கொண்டையன் ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவே ஒரு நடை தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்போல இழுத்தான். ஐந்து. சில்லாயி பல்லில்லாத வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். ஆறு.

அவ்வளவு நேரம் கொத்துப்பட்ட இடத்தில் மரம் இளகியிருந்தது. ஆறாவது கொத்தில் பட்டை விரிசல்விட்டது. உள்ளிருந்து விரல் தடிமனில் ஒரு வெள்ளைப் புழு எட்டிப் பார்த்தது.

கொண்டையன் புழுவைப் பார்த்தான். புழு உள்ளே நழுவப் பார்த்தது. அப்புறம் மரங்கொத்திக்கு எண்ணிக்கையாவது, சண்டையாவது!

டொக் டொக் டொக் டொக்!

நாலே கொத்து. புழு அலகில் வந்துவிட்டது.

முதலில் கத்தியது ஓடையப்பன்தான். கழுத்தை ஓட்டுக்கு வெளியே எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, "பத்து! பத்தாச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

சடையாண்டி துள்ளி எழுந்தான். "பத்தா? எப்படிப் பத்து? அவன் எண்ணலடா! அவன் சாப்பிட்டான்!"

கொண்டையன் புழுவை அவசரமாக விழுங்கினான். "ஆமா, ஆமா! கடைசி நாலும் கணக்கு இல்ல. அது என் சாப்பாடு!"

"வாயை மூடுய்யா!" சில்லாயியின் குரலில் வேங்கை மரமே அதிர்ந்தது. "அலகு மரத்துல பட்டா ஒரு கொத்துன்னு யார் சொன்னது? திருப்பி வாங்குற பேச்சே கிடையாதுன்னு யார் சொன்னது? நான் எந்திரிச்சு நிக்க முடியாம நின்னப்ப எனக்குச் சொன்னியே! இப்ப சொல்லு, இந்த மூஞ்சியைப் பாத்துச் சொல்லு!"

கொண்டையன் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் உடைந்த புற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரைப்புற்று போய்விட்டது. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் முழுப்புற்றும் போயிருக்கும். அது அப்போதுதான் அந்த மண்டைகளுக்கு உறைத்தது.

"கொத்தினது கொத்தினதுதான்!" என்றது ஓர் அணில். "கொத்தினது கொத்தினதுதான்!" என்றன மைனாக்கள். பிறகு காடு முழுக்க அதையே கத்தியது.

சடையாண்டி நாலு பக்கமும் பார்த்தான். ஒரு முகமும் அவன் பக்கம் இல்லை. எதிரே சில்லாயி மடக்கிய கையோடு நின்றாள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, தும்மிக்கொண்டே கட்டாந்தரைப் பக்கம் நடந்தான். மூன்று புற்றில் ஒன்றையாவது மிச்சம் வைத்திருந்தால் திரும்பிப் போக ஓர் இடமாவது இருந்திருக்கும்.

சில்லாயி வளையில் தலையை விட்டாள். குட்டி மண்ணுக்குள்ளிருந்து தும்மிக்கொண்டே வந்து அவள் வாலைப் பிடித்துக்கொண்டது. அதன் முகத்தை நக்கித் துடைத்தாள்.

அதற்குள் கூட்டம் சுற்றிக்கொண்டது. "நாங்க அப்பவே நெனச்சோம், நீதான் ஜெயிப்பேன்னு!" என்றது ஓர் அணில். ஒரு குரங்கு கொடிப்பூவை மாலையாகக் கட்டி எடுத்துவந்து, "உருண்டைக்கு ஒரு மாலை!" என்று நீட்டியது.

சில்லாயி மாலையைத் தட்டிவிட்டாள். "எனக்குப் பேர் இருக்கு. சொல்லிக் கூப்பிடு!"

"சி... சில்லாயி அக்கா," என்றது குரங்கு.

"மாலையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். என்னைச் சரிவுல உருட்டின கைதானே அது? குட்டையில ஈரமண் இருக்கு. அள்ளிக்கிட்டு வா. எல்லாரும் போங்க! பொழுது சாயறதுக்குள்ள இந்தப் புத்தை மூடியாகணும். டேய் கொண்டையா, எங்க நழுவுற? நீயும் அலகுல தூக்கு!"

குரங்குகள் கைநிறைய அள்ளின. அணில்கள் கன்னம் கன்னமாகக் கொண்டுவந்தன. கொண்டையன் ஒரு தடவைக்கு ஒரு பொட்டு மண்ணாக நூறு நடை நடந்தான். ஓடையப்பன் முதுகில் சுமந்தான். பொழுது சாய்வதற்குள் புற்று மூடப்பட்டுவிட்டது. உள்ளே கரையான்கள் பூச ஆரம்பித்துவிட்டன.

சில்லாயி அன்று ஒரு கரையானையும் தொடவில்லை. வளை வாசலில், எல்லோர் கண்முன்னாலும், குட்டியை நடுவில் வைத்துச் சுருண்டுகொண்டாள். பெரிய உருண்டை. ஒருவரும் சிரிக்கவில்லை.

விழுந்தவர் இனி எழமாட்டார் என்று நினைத்து, ஆட்டம் முடியும் முன்னே பரிசில் வாய் வைக்கிறவன், ஜெயித்த சண்டையையும் தோற்றுத்தான் போவான்.